ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை: பிள்ளைக்கு 'வந்துவிட்ட' அந்த நேரத்தைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மலையடிவாரம் டீச்சர் எழுதியது:

ஆண்டுவிழாவில் ஒப்பித்த திருக்குறள், மாறுவேடப் போட்டியில் வாங்கிய டிபன் பாக்ஸ் எல்லாம் ஸ்டேட்டஸில் போட்டு முடித்திருப்பீர்கள். நான் கேட்பது வேறு. நேற்று வரை வராத ஒரு வாசிப்போ கணக்கோ ஒரு சின்னப் பிள்ளைக்கு வந்துவிட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருப்பீர்களே, அதை எழுதுங்கள். ஊர் பேர் போதும். பள்ளி பேரும் பிள்ளை பேரும் வேண்டாம்.

நானே தொடங்குகிறேன். குமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் ஓர் ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று என்னிடம். நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். அவர் கூட்டத்துக்குப் போனால் ஐந்து வகுப்பும் எனக்குத்தான். முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்ற சட்டக் கணக்குப்படி எங்கள் பள்ளியில் குறையே கிடையாது!

2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் வந்தது. கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்ததால் அ, ஆ பழகாமலே இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகளை மனதில் வைத்துக் கொண்டுவந்த திட்டம். எட்டு வயதுக்குள் எல்லாரும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும், அதுவும் 2025-க்குள் என்பது அப்போதைய இலக்கு. எந்த வகுப்பு என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பயிற்சி நூல் கொடுப்போம். பிள்ளைகள் அவரவர் வேகத்தில் அட்டை வைத்துப் படித்த செயல்வழிக் கற்றல் காலத்தில் அட்டையும் ஏணியுமாக ஓடித் திரிந்த எங்களைப் போன்றவர்களுக்கு இது அப்படியொன்றும் புதிதில்லை. ஆனால் மூன்று வகுப்பை ஓர் அறையில் வைத்திருப்பவளுக்கு இந்தப் பிரிப்பு உண்மையிலேயே உதவி.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன், அரும்பிலேயே நின்றான். அவன் அம்மா விடியும் முன்னால் ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விடுவார். தங்கச்சிக்குத் தலை வாரி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவது அவன்தான். 2023 ஆகஸ்டில் காலை உணவு எங்கள் பள்ளிக்கும் வந்தபிறகு அண்ணனும் தங்கச்சியும் முதல் ஆளாக வந்து நிற்பார்கள். பாலில் எவ்வளவு ஆசிட் விட வேண்டும், ஷீட் எத்தனை நாள் காய வேண்டும் என்றெல்லாம் எனக்கே பாடம் எடுப்பான். புத்தகத்தைத் திறந்தால் வாய் மூடிக்கொள்ளும்.

எழுத்துகளைத் தனித்தனியாகக் கேட்டால் முக்கால்வாசி சொல்வான். சேர்த்து வாசிக்கச் சொன்னால் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்ப்பான். படத்துக்குக் கீழே 'நாய்' என்று இருக்கும், அவன் கணீரென்று "பட்டி" என்பான். எங்கள் பக்கத்து வீடுகளில் நாய்க்குப் பட்டி என்றுதான் பேர். பதில் தப்பில்லை, ஆனால் வாசிக்கவில்லை.

அவனுக்குப் படமே இல்லாத சொற்கள் வேண்டும் என்று பட்டது. பள்ளிக்கு முன்னால் பஸ் போகும். எந்த பஸ் எங்கே போகும் என்று ஹார்ன் சத்தத்தை வைத்தே சொல்லும் பிள்ளைகள் இவர்கள். மழை பெய்து பாதிப் பேர் வராத ஒரு நாளில் பழைய காலண்டர் அட்டைகளைக் கிழித்து பஸ் போர்டு எழுதினேன். களியல், அருமனை, குலசேகரம் முதலில். இவற்றில் கடைசி எழுத்தைத் தவிரப் புள்ளி எங்கும் வராது. தக்கலை, மார்த்தாண்டம், திற்பரப்பு, பேச்சிப்பாறை எல்லாம் அப்புறம். ஒருவன் டிரைவர், போர்டைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வருவான். இவன் கண்டக்டர், போர்டைப் பார்த்து ஊர்ப்பேரைக் கூவ வேண்டும். தப்பாகக் கூவினால் பஸ் நிற்காது.

'திருவட்டாறு' வந்தது. இவன் முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு "திற்பரப்பு, திற்பரப்பு" என்று கூவினான். பஸ் நிற்காமல் வராந்தா வரைக்கும் போய்விட்டது. "லேய், அது திருவட்டாறுலே" என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சிரித்தது. இவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அழப்போகிறான் என்று நினைத்தேன். அழவில்லை. இரண்டு அட்டையையும் வாங்கித் தரையில் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக வைத்து, விரலால் தடவிக்கொண்டே போனான். தி, தி. ரு, ற். அங்கே விரல் நின்றது. "டீச்சர், ரெண்டாவது எழுத்துலதான் மாறுது" என்றான்.

முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டு மீதியை ஊகிப்பது அன்றோடு போயிற்று. கடைசி எழுத்து வரைக்கும் விரல் போகும். மெதுவாகத்தான் போகும், ஆனால் போகும். மொட்டுக்கு வர அதற்குப் பிறகும் பல வாரம் ஆனது. அதைச் செல்போன் செயலியில் பதிய சிக்னல் தேடி ரோட்டோரம் நின்றது வேறு கதை, விடுங்கள்.

முட்டம் பக்கத்து அம்மா எழுதியது:

டீச்சர், எங்கள் வீட்டுக் கதை கணக்கில்.

மகள் இரண்டாம் வகுப்பு. என் மாமியார் மீன் விற்கப் போவார். லீவு நாளில் இவளும் பின்னாலேயே போவாள். ஆள் நூறு ரூபாய் நோட்டை நீட்டினால், பாட்டி சுருக்குப்பையை அவிழ்க்கும் முன்னால் இவள் மீதியைச் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் கழித்தல் கணக்கில் பக்கம் முழுக்கத் தப்பு வாங்கி வந்தாள். 50−17 போட்டால் 47. 62−38 போட்டால் 36. எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

அவளுடைய டீச்சர் நோட்டைப் பார்த்ததும் பிடித்துவிட்டார். மேலே கீழே என்று பார்க்காமல் எந்த இலக்கம் பெரிதோ அதிலிருந்து சின்னதைக் கழிக்கிறாளாம். சைபரிலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து சைபரைக் கழித்து ஏழு. அவள் போட்ட எல்லாத் தப்பும் இதே மாதிரித் தப்புதான். கவனக்குறைவு என்று திட்டிக்கொண்டிருந்தால் கடைசி வரைக்கும் தெரிந்திருக்காது.

அப்புறம் டீச்சர் என் முன்னாலேயே அவளிடம் கேட்டார்: "பதினேழு ரூபாய்க்குச் சாளை வாங்கிட்டு ஒரு ஆள் அம்பது ரூவா தந்தா பாக்கி எவ்வளவு மக்களே?" (அந்த விலைக்கு எந்தக் கரையில் சாளை கிடைக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.) யோசிக்காமல் "முப்பத்திமூணு" என்றாள். நோட்டில் 47, வாயில் 33. "இதுல எது சரி?" என்றார் டீச்சர். பிள்ளை சொன்ன பதில் இது: "கையில குடுக்கணும்னா முப்பத்திமூணு. நோட்டுல எழுதணும்னா நாப்பத்தேழு."

பள்ளிக்கூடக் கணக்கு வேறு, கடைக் கணக்கு வேறு என்றே இவள் நினைத்திருக்கிறாள்! டீச்சர் காகிதத்தில் வெட்டிய ஐந்து பத்து ரூபாய் 'நோட்டு'களை அவள் கையில் கொடுத்து, "இதுல பதினேழு எடு" என்றார். ஒரு பத்தை எடுத்தாள். ஏழுக்குச் சில்லறை இல்லை. தானாகவே ஒரு பத்தை நீட்டி, "மாத்தித் தாங்க டீச்சர்" என்றாள். பத்துப் புளியங்கொட்டை வாங்கி ஏழை எடுத்து வைத்தாள். கையில் மூன்று பத்தும் மூன்று கொட்டையும் மீதி. அவள் ஒவ்வொன்றாகச் செய்யச் செய்ய, அதையே டீச்சர் பக்கத்தில் கணக்காக எழுதிக்கொண்டு வந்தார். ஐந்து பத்தை அடித்து நாலு, சைபருக்கு மேலே பத்து. "இதுவா அது?" என்று கேட்டாள்.

மனக்கணக்கை எப்படிப் போட்டாய் என்றும் டீச்சர் கேட்டார். பதினேழோடு மூணு சேர்த்தா இருபது, அங்கிருந்து அம்பதுக்கு முப்பது என்றாள். என் மாமியார் போடும் கணக்கு அது. அவர் பள்ளிக்கூடமே போனதில்லை. "அதையும் மறந்துடாதே, நோட்டுல போட்டது சரியான்னு அதை வச்சுப் பாரு" என்றார் டீச்சர். இவரைப் போல எல்லாருக்கும் ஒரு டீச்சர் கிடைக்க வேண்டும்.

களியக்காவிளைக்காரன் எழுதியது:

சின்ன விஷயம்தான். எங்கள் வீட்டில் பாதி மலையாளம், பாதி தமிழ். எந்த வார்த்தை எந்த மொழி என்று எங்களுக்கே பிரிக்கத் தெரியாது. மகனைத் தமிழ்வழியில் சேர்த்தோம். ஒன்றாம் வகுப்புச் சொல்வதெழுதுதலில் 'மழை'யை 'மழ' என்று எழுதி வந்தான். காதில் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறான். டீச்சர் அதைத் தப்பு என்று அடிக்கவில்லை, ஐகாரக் குறியை மட்டும் பென்சிலால் சேர்த்து, பக்கத்தில் ஒரு ஸ்டார் போட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "வகுப்பில் பாதிப் பேர் 'மள' என்று எழுதியிருக்கிறார்கள், இவன் ஒருவன்தான் ழ-வைச் சரியாகப் பிடித்தவன்" என்றார். இப்போது வகுப்பில் யாருக்காவது ழ வரவில்லை என்றால் இவனைத்தான் எழுப்பிச் சொல்லச் சொல்கிறாராம். அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை.

என் அக்கா மகள் மலையாளவழிப் பள்ளியில் படிக்கிறாள். 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு அங்கேயும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்ப் பாடம் உண்டு. ஆறு வயதில் இரண்டு எழுத்து முறை குழம்பாதா என்று பலர் கேட்கிறார்கள். அவளைப் பொறுத்தவரை, முதல் வருடம் கொஞ்சம் கலந்து எழுதினாள், அப்புறம் தானாகவே பிரிந்துவிட்டது.

பூதப்பாண்டி பாட்டா எழுதியது:

நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது நம்ம ஊர் திருவிதாங்கூர்-கொச்சி. மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது 1956 நவம்பர் 1 வந்தது, தமிழ்நாட்டுப் பிள்ளை ஆனேன். பாடப்புத்தகம் அப்போது மாறியது. என் கையெழுத்து இன்றுவரை மாறவில்லை.

பேத்திக்கு 'யானை' எழுதிக் கொடுத்தேன், தும்பிக்கை வைத்த பழைய னை. அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் வகுப்பிலும் அப்படியே எழுதிவிட்டாள். என் மருமகள் பதறினாள். டீச்சர் என்ன செய்தாரென்றால், அவளையே கரும்பலகைக்குக் கூப்பிட்டு இரண்டு னையையும் எழுதச் சொல்லி, எது யானை மாதிரி இருக்கிறது என்று மற்றப் பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார். 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணையில் மாறிய எழுத்துகள் 13. றா, னா, லை, ளை என்று ஒவ்வொன்றாக இப்போது என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு போகிறாள். வீட்டில் என் அப்பா காலத்துப் புத்தகம் ஒன்று இருக்கிறது, அதைத் திறந்து தடவித் தடவி வாசிக்கிறாள். காலேஜ் படிக்கும் என் பேரன் அந்தப் பக்கத்தில் திணறுகிறான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கிறது. இதை எந்தப் பரீட்சையில் சேர்ப்பீர்களோ தெரியாது.

நாகர்கோவில் அப்பா எழுதியது:

எல்லாவற்றையும் வாசிக்க ஆசையாக இருக்கிறது. எங்கள் பக்கம் நிலைமை வேறு. மகன் ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. இதுவரை மூன்று மெடல். வெளியிலிருந்து யாரோ நடத்தும் தேர்வு, பணம் கட்டிய அத்தனை பேருக்கும் மெடல் உண்டு. பெற்றோர் கூட்டத்தில் முதல் ரேங்கிலிருந்து கடைசி ரேங்க் வரை சத்தமாக வாசிக்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு எதற்கு ரேங்க்? அவனுக்கு எது வரவில்லை என்று கேட்டால், "டெய்லி ரிவைஸ் பண்ணச் சொல்லுங்க" என்பதற்கு மேல் பதில் இல்லை. 62−38 எங்கே தப்புகிறது என்று முட்டம் டீச்சர் சொன்னாரே, அந்த மாதிரி ஒரு வரி போதும் எனக்கு. மெடலைத் திருப்பித் தரவும் தயார்.

ஆரல்வாய்மொழி அம்மா எழுதியது:

டீச்சருக்கு ஒரு கேள்வி. என் மகன் மூன்றாம் வகுப்பு. புத்தகத்தைக் கையில் கொடுத்தால் ஓரளவு வாசிக்கிறான். கரும்பலகையில் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதும்போது மட்டும் ஒற்று, புள்ளி எல்லாம் விட்டுவிடுகிறான். 'பள்ளி' என்பது 'பளளி' ஆகிவிடுகிறது. பயிற்சி போதவில்லையா?

மலையடிவாரம் டீச்சர் எழுதியது:

அம்மா, பயிற்சிக்கு முன்னால் கண்ணைப் பாருங்கள். கையில் இருப்பதில் புள்ளி தெரிகிறது, தூரத்தில் இருப்பதில் தெரியவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். டிவிக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறானா, கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். அரசுப் பள்ளி என்றால் மருத்துவக் குழு பரிசோதனைக்கு வரும். அதற்காகக் காத்திருக்காமல் பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே காட்டிவிடலாம். வகுப்பு டீச்சரிடம் சொல்லி நாளையிலிருந்தே முதல் வரிசையில் உட்கார வையுங்கள். அங்கே உட்கார்ந்ததும் புள்ளி வருகிறது என்றால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

கண் சரி என்று சொன்னால், பிறகு ஒற்றுக்கு வருவோம். 'படம், பட்டம்', 'பல், பள்ளி' என்று ஜோடியாகச் சொல்லி, புள்ளி எழுத்து வரும் இடத்தில் கை தட்டச் சொல்வேன். காதில் பிடிபட்ட பிறகுதான் எழுதச் சொல்வது. எப்படியும் கண்ணைக் காட்டிவிட்டு என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள்.