நீர்க்கட்டி நாடாப்புழு காக்ஸ்1 சீக்வென்ஸ்: நடுவுல ஸ்டாப் கோடான் வருது, உதவுங்க

நிலா_ஆய்வு:
வணக்கம். ஆடு மாடுகளோட ஈரல், நுரையீரல்ல வர்ற நீர்க்கட்டிகளை வெச்சு, அதை உண்டாக்குற நாடாப்புழு ஈகைனோகாக்கஸ் கிரானுலோசஸோட மரபணு வேறுபாடு பார்க்கிறேன். 15 சாம்பிள். காக்ஸ்1 ஜீன்ல ஒரு துண்டைப் பெருக்க ஜேபி3, ஜேபி4.5 ப்ரைமர் போட்டேன், ஜெல்ல 450 எழுத்து நீளத்துக்குப் பக்கத்துல ஒரே பட்டை, சுத்தமா வந்துச்சு. சீக்வென்ஸை அமினோ அமிலமா மாத்தினா எல்லாத்துலயும் நடுவுல ஸ்டாப் (புரதம் இங்க முடியுதுன்னு சொல்ற மூணெழுத்து) விழுது. மைட்டோகாண்ட்ரியா ஜீன்னு ஞாபகம் வந்து, முதுகெலும்பிகளோட மைட்டோகாண்ட்ரியா கோடுக்கு மாத்தினேன். பழைய ஸ்டாப் போயிடுச்சு, வேற இடத்துல புதுசா வருது! வேலை செய்யாத நகலான போலி ஜீனைப் பெருக்கிட்டேனா? 15-ம் குப்பைதானா?

பழைய_லேப்_ஆள்:
எதையும் தூக்கிப் போடாதீங்க. நீங்க கடைசியா போட்ட கோடு டேபிள் ஆட்டுக்கு உரியது, உங்க சீக்வென்ஸ் புழுவோடது. தட்டைப்புழுக்களுக்கு டேபிள் 9. அதுல டிஜிஏ-ன்னா டிரிப்டோஃபான், ஸ்டாப் இல்லை. ஏஜிஏ, ஏஜிஜி ரெண்டும் செரின். முதுகெலும்பி டேபிள்ல இந்த ரெண்டும் ஸ்டாப், அதான் இடம் மாறிச்சு. டேபிள் 9 போட்டும் மூணு ஃப்ரேம்லயும் (மூணெழுத்தா பிரிக்க ஆரம்பிக்கிற இடம்) ஸ்டாப் வந்தா அப்புறம் கவலைப்படலாம்.

நிலா_ஆய்வு:
டேபிள் 9, ரெண்டாவது ஃப்ரேம். ஒரு ஸ்டாப் கூட இல்லை! ரெண்டு நாளா தூக்கமே இல்லைங்க.

இன்னும் ரெண்டு சந்தேகம். 6-வது சாம்பிளோட சீக்வென்ஸ் வரைபடத்துல ஒரே இடத்துல சி, டி ரெண்டு பீக்கும் சம உயரத்துல நிக்குது, மத்த இடமெல்லாம் சுத்தம். அப்புறம் பிளாஸ்ட்ல (தரவுத்தள ஒப்பீடு) பெரும்பாலும் ஜி1 ஜீனோடைப், ரெண்டு மட்டும் ஜி3. அப்படியே எழுதிடலாமா?

கட்டி_கவனிப்பு:
பீக் பத்தி முதல்ல. எதிர் இழையிலயும் அதே இடத்துல இரட்டையா இருக்கா? இருந்தா டியூப்ல என்ன போட்டீங்கன்னு நோட்டைப் பாருங்க. ஒரு கட்டி ஒரு முட்டையில இருந்து வளருது, உள்ள இருக்கிற புழுத்தலைகள் எல்லாம் பாலிலா முறையில பெருகினவை. அதனால ஒரு கட்டிக்குப் பொதுவா ஒரு ஹாப்ளோடைப்தான், அதாவது ஒரே சீக்வென்ஸ் வகைதான். ஆனா ஒரே ஆட்டு ஈரல்ல பக்கத்துப் பக்கத்துக் கட்டி வேற வேறயா இருக்கலாம். ஒரு கட்டி, ஒரு டியூப்.

பழைய_லேப்_ஆள்:
ஜி3 விஷயத்துல அவசரம் வேண்டாம். அந்தச் சின்ன காக்ஸ்1 துண்டை வெச்சு ஜி1, ஜி3-ஐ உறுதியா பிரிக்க முடியாது. நாட்5 ஜீன்ல ஒரு துண்டைப் படிங்க, 2018-ல இருந்து அதைத்தான் பரிந்துரைக்கிறாங்க. அதுவரைக்கும் "கிரானுலோசஸ் சென்சு ஸ்டிரிக்டோ"ன்னு (குறுகிய பொருள்ல அந்த இனம்) எழுதுங்க, ரெண்டும் அந்த இனத்துக்குள்ளதான். ஜி2-ன்னு பழைய பதிவு எதாவது வந்தா அதையும் நம்பாதீங்க, அதைத் தனி ஜீனோடைப்பா இப்போ எடுத்துக்கிறதில்லை.

இன்னொண்ணு, கேக்காமலே சொல்றேன். ஒரே ஒரு சாம்பிள்ல மட்டும் ஒரு எழுத்து மாறியிருந்தா உடனே புது ஹாப்ளோடைப்னு கொண்டாடாதீங்க. குளோன் பண்ணிப் படிச்சிருந்தா அது டிஎன்ஏவை நகலெடுக்கிற டாக் என்சைமோட கைவரிசையாவும் இருக்கலாம். நேரடியா படிச்சிருந்தாலும் ரெண்டு இழையும் ஒத்துப்போகணும். இந்தப் புழுவுல நடுவுல ஒரு பெரிய ஹாப்ளோடைப், சுத்தி ஒரு எழுத்து வித்தியாசத்துல குட்டிகள்னு நட்சத்திர வடிவ வலைதான் வழக்கமா வரும். பிழைகளும் அதே வடிவத்தைத்தான் வரையும்!

கட்டி_கவனிப்பு:
மாட்டுக் கட்டி எதாவது ஜி5-ன்னு வந்துச்சா? மாட்டுல ஜி1 கட்டி பெரும்பாலும் புழுத்தலை இல்லாத வெறுங்கட்டி. நிறைய தலை இருந்தா ஜி5-ஐச் சந்தேகப்படலாம், அது ஆர்ட்லெப்பினு தனி இனம். வெறுங்கட்டியில உட்சவ்வைச் சுரண்டி எடுத்தாலே டிஎன்ஏ கிடைக்கும். ஃபார்மலின்ல மட்டும் போடாதீங்க, ஆல்கஹால் போதும்.

நிலா_ஆய்வு:
ஜி5 இல்லை. எதிர் இழையிலயும் அதே இரட்டை பீக். நோட்டைப் பார்த்தேன். 6-க்கு நேரா என் கையெழுத்துலயே இருக்கு: "செம்மறி, ஈரல், சின்னக் கட்டி 2, சேர்த்தது." மிச்சம் ஃப்ரீசர்ல இருக்கு, ஆனா ஒரே குப்பியில. நாளைக்கு வெளிய எடுத்து, ரெண்டையும் பிரிக்க முடியுதான்னு பார்க்கிறேன்.