மெயின் கிளையில் சேர்ந்த நிரல் மனிதக் கை படாமல் சர்வருக்குப் போகலாமா?

படகோட்டி:
எங்கள் குழுவில் நால்வர் இருக்கிறோம். ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில் எழுதிய வலைச்செயலி ஒன்று, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துடன், ஒரே சர்வரில் டாக்கர் கண்டெய்னர்களாக (தனித்தனியே அடைக்கப்பட்ட நிரல் பொதிகளாக) ஓடுகிறது. யாராவது ஒருவர் சர்வருக்குள் நுழைந்து, புதிய இமேஜை (கண்டெய்னர் உருவாகும் மூலப் பொதியை) இறக்கி, கண்டெய்னர்களை ஒன்றாக இயக்கும் டாக்கர் கம்போஸை மறுபடி ஓட்டுவதே இதுவரை வழக்கம். இனி, மெயின் கிளையில் (குழுவின் முதன்மை நிரல் பிரதியில்) நிரல் சேர்ந்தவுடன், நிரலைச் சேமிக்கும் தளத்தின் தானியக்க வசதியான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் சோதனைகளை ஓட்டி, இமேஜ் உருவாக்கி, ரெஜிஸ்ட்ரி என்ற இமேஜ் கிடங்கில் ஏற்றி, யார் ஒப்புதலுக்கும் காத்திராமல் சர்வரிலும் நிறுவிவிட வேண்டும் என்கிறேன் நான். கடைசிப் படியிலாவது ஒருவர் பொத்தானை அழுத்தட்டும் என்கிறார் சக பணியாளர் ஒருவர்.

அந்தக் கைதான் ஆபத்து என்பது என் கருத்து. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். புதிய நிரலைக் கையால் ஏற்றியவர் 8 சர்வர்களில் ஒன்றை விட்டுவிட்டார். இரண்டாவது ஆள் யாரும் சரிபார்க்கவில்லை. அந்த ஒரு சர்வரில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் உயிர்பெற்று, ஏறத்தாழ 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கும் மேல் நட்டத்தை உண்டாக்கியது. எட்டையும் ஒரே கட்டளையில் நிரப்பி, எட்டிலும் ஒரே இமேஜ் ஓடுகிறதா என்று சரிபார்க்கும் பைப்லைன் (தானாக ஓடும் படிவரிசை) இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

மதில்காவல்:
நண்பரே, அந்தக் கதையின் பிற்பாதியை நீங்கள் சொல்லவில்லை. அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2013இல் பிறப்பித்த ஆணையில் அது விரிவாக இருக்கிறது. சிக்கலைத் தீர்க்க முயன்றவர்கள், நிரல் சரியாக ஏறியிருந்த 7 சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். அதனால் நிலைமை இன்னும் மோசமாயிற்று. அதற்கு முன்பே, சந்தை திறக்கும் முன், அவர்களுடைய அமைப்பே 97 மின்னஞ்சல்களைத் தானாக அனுப்பியிருந்தது; யாரும் அவற்றை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே எனக்கு அந்த நிகழ்ச்சி சொல்லும் பாடம் வேறு: பழைய நிலைக்குத் திரும்புவது எப்போதும் பாதுகாப்பானது என்று நம்பக்கூடாது.

இதை நானே பட்டு அறிந்தவன். முன்பு பணியாற்றிய இடத்தில், வாடிக்கையாளரின் தொலைபேசி எண் இருந்த நெடுவரிசையின் பெயரை மாற்றும் மைக்ரேஷன் (தரவுத்தள அமைப்பை மாற்றும் கோப்பு) ஒன்று மெயின் கிளையில் சேர்ந்தது. எல்லாச் சோதனைகளும் பச்சை காட்டின. சோதனைத் தரவுத்தளம் ஒவ்வொரு முறையும் புதிய அமைப்பில் வெறுமையாகவே உருவாவதால், பழைய நிரலும் புதிய அட்டவணையும் ஒன்றையொன்று சந்திக்கும் அந்தச் சில நிமிடங்களை எந்தச் சோதனையும் தொடவில்லை. வேறொரு பிழைக்காகப் பைப்லைன் தானாகவே முந்தைய இமேஜுக்குத் திரும்பியது. நெடுவரிசை திரும்பவில்லை. பழைய நிரல் பழைய பெயரைத் தேட, ஆர்டர் பக்கம் முழுவதும் 500 பிழை (சர்வர் கோளாறு). செயலி நலமா என்று பார்க்கும் ஹெல்த்செக் முகவரியோ அந்த அட்டவணையைத் தொடாததால் 200, அதாவது ‘சரி’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பல சர்வர்களில் கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸிலும் இதே கதைதான்: ரோல்அவுட் அன்டூ கட்டளை இமேஜையும் அமைப்பையும் திருப்பும், தரவுத்தளத்தைத் திருப்பாது.

படகோட்டி:
அந்தத் தவறு தானியங்கி முறையால் வந்ததன்று, மைக்ரேஷனை எழுதிய விதத்தால் வந்தது. புதிய நெடுவரிசையை முதலில் சேர்த்து, இரண்டிலும் எழுதி, பழைய தரவை நிரப்பி, வாசிப்பைப் புதியதற்கு மாற்றி, பழையதைப் பின்னொரு வெளியீட்டில் நீக்கியிருந்தால், எந்தக் கட்டத்திலும் முந்தைய இமேஜ் வேலை செய்திருக்கும். பொத்தானை அழுத்துபவர் அந்த மைக்ரேஷன் கோப்பைத் திறந்து படித்திருப்பார் என்று உங்களால் உறுதி கூற முடியுமா? மாலை ஆறு மணிக்குப் பச்சை விளக்கைப் பார்த்ததும் அழுத்திவிடுவதே மனித இயல்பு. பொத்தான் இருந்தால் மாற்றங்கள் வாரக்கணக்கில் குவியும். முப்பது மாற்றங்கள் ஒன்றாகப் போய் உடைந்தால் எது உடைத்தது என்று தேடியே ஒரு நாள் கழியும்.

கமிட்வாசி:
இடையில் இரண்டு செய்திகள். லேட்டஸ்ட் என்ற டேகை (பெயர்ச்சீட்டை) தயவுசெய்து விட்டுவிடுங்கள். இமேஜுக்குக் கமிட் எண்ணையே (ஒவ்வொரு நிரல் மாற்றத்துக்கும் உரிய அடையாள எண்ணையே) டேகாக வையுங்கள், அப்போதுதான் சர்வரில் ஓடுவது எது என்று சொல்ல முடியும். இரண்டு பேர் சில நிமிட இடைவெளியில் மெர்ஜ் செய்தால் (மெயினில் சேர்த்தால்), முதலாவதன் பைப்லைன் தாமதமாக முடிந்து, புதிய இமேஜின் மேல் பழையதை ஏற்றிவிடும். ஆக்‌ஷன்ஸில் ஒரே நேரத்தில் ஓடுபவற்றைக் கட்டுப்படுத்தும் கன்கரன்ஸி அமைப்பைக் கொண்டு அவற்றை வரிசைப்படுத்துங்கள்.

இன்னொன்று, இருவருமே தொடாதது. மனிதக் கையை எடுத்துவிட்டால் சர்வரின் சாவி பைப்லைனிடம் போகிறது. 2025 மார்ச்சில் டிஜே-ஆக்‌ஷன்ஸ் என்பவர்களின் சேஞ்ச்டு-ஃபைல்ஸ் என்ற, பைப்லைனில் எவரும் சேர்த்துக்கொள்ளக்கூடிய பொது ஆக்‌ஷனின் டேகுகளைத் தாக்குதல்காரர்கள் தீய நிரலுக்குத் திருப்பிவிட்டனர். 23,000க்கும் மேற்பட்ட நிரல் களஞ்சியங்கள் அதைப் பயன்படுத்தி வந்தன. கடவுச்சொற்கள், சாவிகள் போன்ற ரகசியங்கள் பைப்லைனின் பதிவுகளில் அச்சாயின. வெளியார் ஆக்‌ஷன்களை டேகால் அழைக்காமல் முழு கமிட் எண்ணால் அழையுங்கள்.

மதில்காவல்:
கமிட்வாசி சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். படகோட்டி, மாற்றங்கள் குவியும் என்ற உங்கள் வாதமும் வலுவானதே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மைக்ரேஷன் அடைவில் ஒரு கோப்பு மாறியிருந்தாலும் பைப்லைன் நின்று, அதை எழுதாத ஒருவர் படித்து ஒப்புதல் தரும்வரை காத்திருக்க வேண்டும். மற்றவை தானாகவே போகட்டும்.

படகோட்டி:
மைக்ரேஷன்களுக்கு மட்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். நெடுவரிசையைச் சேர்க்கும் மைக்ரேஷன்களை அந்த நிறுத்தத்திலிருந்து விலக்க வேண்டும் என்பது மட்டும் என் கோரிக்கை. நீக்குவதும் பெயர் மாற்றுவதும்தான் பழைய இமேஜை உடைக்கும்.

மதில்காவல்:
சேர்ப்பதும் உடைக்கும். வெற்று மதிப்பை ஏற்காத நெடுவரிசையைத் தரவுத்தள அளவில் இயல்பு மதிப்பில்லாமல் சேர்த்துப் பாருங்கள்: அதை அறியாத பழைய நிரலின் ஒவ்வொரு புதிய பதிவையும் போஸ்ட்கிரெஸ் நிராகரிக்கும். அந்த விலக்குக்கு நான் உடன்பட மாட்டேன்.