70,000 வெள்ளிக்குள் பழைய ஸ்போர்ட்ஸ் காடி: டொயோட்டா 86-இல் கிளட்ச் சத்தம், எடுக்கலாமா?

குளுகோர் தம்பி

வணக்கம் எல்லாருக்கும். பினாங்கில் குளுகோர் பக்கம் இருக்கிறேன், பாயான் லெப்பாஸில் வேலை. வீட்டில் அப்பாவின் மைவி கார் இருப்பதால் எனக்குப் பெரிய காடி தேவையில்லை. இரண்டு கதவு போதும், மெனுவல் என்றால் இன்னும் சந்தோஷம். கையில் 30,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது, மீதிக்கு லோன். எல்லாம் சேர்த்து 70,000-ஐத் தாண்டக் கூடாது. தினமும் வேலைக்கும் இதில்தான் போவேன். ஞாயிறு காலையில் தெலுக் பஹாங் வளைவுகளில் ஏறி பாலிக் பூலாவ் பக்கம் இறங்கினால் போதும், வேறு ஆசை இல்லை.

பார்த்து வைத்திருப்பவை:

டொயோட்டா 86, 2013, மெனுவல், ஜப்பான் ரீகோன் (அங்கே ஓடி இங்கே இறக்குமதியானது). பட்டர்வொர்த்தில் ஒரு டீலர் 76,000 சொல்கிறார், பேசினால் இறங்குவார் போலிருக்கிறது. ஓட்டிப் பார்த்தேன், இறங்கவே மனசு வரவில்லை. ஆனால் இரண்டு சத்தம். நின்றபடி எஞ்சின் ஓடும்போது பானெட்டுக்குள் சில்வண்டு மாதிரி 'கிரிச் கிரிச்'. இன்னொன்று கிளட்ச் பக்கம், உராய்கிற மாதிரி. டீலரைக் கேட்டால் "இந்த மாடலே அப்படித்தான் பாஸ்" என்கிறார்.

பெஜோ ஆர்சிஇசட், 2012, ஓட்டோ, 38,000. அந்தக் கூரையைப் பார்த்தே விழுந்துவிட்டேன்.

சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், 2013, ஆறு கியர் மெனுவல், ஒரே ஓனர், 43,000.

கடைசியாக, கோலாலம்பூரில் ஒருவர் ஹோண்டா சிவிக் டைப் ஆர், 2008, 62,000 என்று போட்டிருக்கிறார். தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். எதை எடுக்கலாம்?

ஐந்தாம் கியர்

தம்பி, அந்த 62,000 டைப் ஆரை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அசல் வண்டி இன்று அந்த விலைக்கு வருமா? வைத்திருப்பவர்கள் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு பழைய வித்தை உண்டு. எஃப்டி2 என்ற மாடல் குறியீடு டைப் ஆருக்கு மட்டும் சொந்தமில்லை, மலேசியாவில் விற்ற சாதாரண சிவிக் 2.0-வும் எஃப்டி2தான். அதற்கு பம்பர், இறக்கை, சிவப்பு எச் சின்னம், சீட் எல்லாம் மாற்றினால் முன்னால் நின்று பார்ப்பவனுக்கு வித்தியாசமே தெரியாது. சந்தையில் இப்படி மாறியவை ஏராளம். அசலில் இருப்பது கே20ஏ எஞ்சின், 8,000 சுற்றில் 225 குதிரைத்திறன், ஆறு கியர் மெனுவல் மட்டும், முன்னால் பிரெம்போ பிரேக். 2.0-வில் கே20இசட்2. கிரானில் (பதிவுப் பத்திரம்) எஞ்சின் எண் எப்படித் தொடங்குகிறது என்று முதலில் கேளுங்கள்.

சிலர் ஹாஃப்கட் (பாதியாக வெட்டி இறக்கிய பழைய காடி) கடையில் கே20ஏ வாங்கி 2.0-வில் இறக்கியிருப்பார்கள். ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) முறையாகப் பதிந்திருந்தால் அதில் குற்றம் ஒன்றுமில்லை, நல்ல காடியாகக்கூட இருக்கலாம். ஆனால் அதற்கு டைப் ஆர் விலை கொடுக்கக் கூடாது.

குளுகோர் தம்பி

கேட்டேன் அண்ணே. கிரான் ஊரில் இருக்கிறதாம். முதலில் 2,000 வெள்ளி டெப்போசிட் போட்டால் படம் அனுப்புவாராம்.

ஐந்தாம் கியர்

பதில் போடாதீர்கள். நம்பரை பிளாக் பண்ணிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

செந்தூல் பட்டறை

86 பற்றி நான் சொல்கிறேன். டீலர் சொன்னதில் பாதி உண்மை, பாதி வியாபாரம்.

அந்த 'கிரிச் கிரிச்' இந்த எஃப்ஏ20 எஞ்சினில் பலரும் கேட்பதுதான். உயர் அழுத்த பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர் பக்கத்திலிருந்து வரும். எஞ்சின் சீராக ஓடி, விளக்கு எதுவும் எரியவில்லை என்றால் அதற்காகப் பயப்பட வேண்டாம்.

கிளட்ச் சத்தம் வேறு கதை. கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சின் ஓட, பெடலை மெதுவாக மிதித்துப் பாருங்கள். மிதிக்கும்போது சத்தம் வந்து, காலை எடுத்தால் நின்றுபோகிறதா? ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்று, விட்டால் வருகிறதா? அப்போது கியர்போக்ஸ் உள்ளே இருக்கும் பேரிங்கைச் சந்தேகப்படணும், செலவு இன்னொரு மடங்கு ஏறும். ரிலீஸ் பேரிங் சாமான் விலை பெரிதில்லை. கியர்போக்ஸை இறக்கும் கூலிதான் பெரிது. இறக்கிய கையோடு கிளட்ச் பிளேட், கவர் எல்லாம் மாற்றிவிடுவதுதான் புத்தி. ஆக, ஒரு முழு கிளட்ச் வேலை இந்த வண்டியின் தலையில் இருக்கிறது என்று கணக்கு வையுங்கள்.

இனி முக்கியமானது. 2012, 2013-இல் செய்த 86, அதன் இரட்டையான சுபாரு பிஆர்இசட் பலவற்றுக்கு வால்வு ஸ்பிரிங் உடையலாம் என்று 2018 நவம்பரில் தயாரிப்பாளர்களே திரும்ப அழைத்தார்கள் (ரீகால்). சின்ன வேலை இல்லை. இது படுத்திருக்கிற பாக்ஸர் எஞ்சின், ஸ்பிரிங்கைத் தொட எஞ்சினையே வெளியே எடுக்கணும். அமெரிக்காவில் இந்த வேலை முடிந்த சில வண்டிகளில் எஞ்சின் அடிபட்டுப் போனது. மூடும்போது அதிகமாகப் பூசிய சீலண்ட் பிய்ந்து, கறுப்பு எண்ணெய் (எஞ்சின் ஆயில்) உறிஞ்சும் வழியை அடைத்ததைக் காரணமாகச் சொன்னார்கள். அதனால் 'ரீகால் முடிந்தது' என்று கேட்டாலும் யார் செய்தது, எப்போது செய்தது, அதற்குப் பிறகு எவ்வளவு ஓடியது என்று கேளுங்கள்.

உங்கள் வண்டிக்கு இன்னொரு சிக்கல். இங்கே ரீகோன் காடி பொதுவாக ஐந்து வயதுக்குள் இறங்க வேண்டும். 2013 வண்டி என்றால் ரீகால் அறிவிப்பு வருவதற்கு முன்பே ஜப்பானை விட்டுக் கிளம்பியிருக்க வாய்ப்பு அதிகம். அங்கே கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கும், இங்கே யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். சேசிஸ் எண் இசட்என்6 என்று தொடங்கும். அந்த எண்ணை ஜப்பான் டொயோட்டா தளத்தின் ரீகால் பக்கத்தில் போட்டால் பாக்கி இருக்கிறதா என்று காட்டும். மொழிபெயர்ப்பு வைத்துப் படித்துக்கொள்ளலாம். ஜப்பானில் ஏலம் விட்டபோது தந்த ஏலத் தாளையும் கேளுங்கள். அதில் தரம் ஆர் என்று இருந்தால் அடிபட்டுச் சரிசெய்த வண்டி.

கெப்போங் அக்கா

எல்லாரும் எஞ்சினையே பேசுகிறீர்கள். நான் காப்புறுதிப் பக்கம் வேலை செய்கிறவள், காகிதத்தைப் பேசுகிறேன்.

தம்பி, மைவி அப்பா பெயரில் இருந்தால் அதன் என்சிடி (கோரிக்கை இல்லாததற்கான கழிவு) உங்களுக்கு வராது. நீங்கள் சுழியத்திலிருந்து தொடங்குவீர்கள். முதல் ஆண்டு முழுக் கட்டணம், அடுத்த ஆண்டு 25 விழுக்காடு கழிவு, அப்படியே ஏறி ஐந்து ஆண்டு கோரிக்கை இல்லாமல் இருந்தால்தான் 55. ஸ்போர்ட்ஸ் காடி, ரீகோன், பத்து வயதுக்கு மேல் என்றால் சில நிறுவனங்கள் லோடிங் (கூடுதல் கட்டணம்) போடும். சில வேண்டாம் என்றே சொல்லிவிடும். டெப்போசிட் கொடுக்கும் முன்பே பிளேட் நம்பரை வைத்து இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். 86 மாதிரி காடிக்கு ஒப்புக்கொண்ட மதிப்பு என்று எழுதி வாங்குங்கள், சந்தை மதிப்பு என்று விட்டால் தொலைந்த அன்று தகராறு வரும். வெள்ளத்துக்குத் தனிப் பாதுகாப்பு எடுக்க வேண்டும், சாதாரண முழுக் காப்புறுதியில் அது சேராது. 2017 நவம்பரில் பினாங்கு மூழ்கியதைப் பார்த்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சாலை வரி எளிது. டொயோட்டா 86 என்றால் 1,998 சிசி, ஆண்டுக்கு 379 வெள்ளி. ஆர்சிஇசட், ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இரண்டும் 1.6, வெறும் 90. யாராவது நிசான் 350 இசட் மலிவாக இருக்கிறது என்று ஆசை காட்டினால் 3,498 சிசிக்கு 4,371 வெள்ளி ஒவ்வொரு ஆண்டும் என்று ஞாபகம் வையுங்கள். அது ஏன் மலிவு என்று அப்போது புரியும்.

லோன் பற்றி ஒன்று. பேங்க் டீலர் சொல்லும் விலைக்குக் கொடுக்காது, தன் மதிப்பீட்டுக்குத்தான் கொடுக்கும். காடியின் வயதையும் லோன் ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்கும். 2013 வண்டிக்கு ஒன்பது ஆண்டு என்று கனவு காணாதீர்கள். கிரானில் தயாரிப்பு ஆண்டும் பதிவுத் தேதியும் தனித்தனியாக இருக்கும். ரீகோன் விற்பவர்கள் எப்போதும் எது புதிதோ அதைத்தான் சொல்வார்கள்.

பெர்ரிங்கி காற்று

ஆர்சிஇசட்டுக்கு யாரும் வாதாட வரவில்லையா? எனக்கும் அந்த இரட்டை மேடு கூரை பிடிக்கும். பின் சீட்டில் பை வைக்கலாம், மனிதர்களை வைக்க முடியாது.

அந்த 1.6 டர்போ பிஎம்டபிள்யூவும் பெஜோ குழுமமும் சேர்ந்து உருவாக்கியது. அதே குடும்ப எஞ்சின் மினி கூப்பர் எஸ்ஸிலும் உண்டு. தெரிந்த நோய்களும் ஒன்றே: டைமிங் செயின் தளர்வது, உயர் அழுத்த பம்ப், வால்வில் கரி படிவது, தெர்மோஸ்டாட் பக்கம் கூலண்ட் கசிவது. பார்க்கப் போனால் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். போனவுடன் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் பண்ணிவிட்டார்கள், செயின் கலகல சத்தத்தை மறைக்க அது போதும். மரியாதையாக வேறு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

38,000-க்கு வாங்கி, கையில் 15,000 ஒதுக்கி வைக்கிறவர்களுக்கு நல்ல காடி. கடைசி காசையும் போட்டு வாங்குகிறவர்களுக்கு இல்லை. தினமும் ஓட்ட இது ஒன்றுதான் என்றால் நான் எடுக்க மாட்டேன்.

குளுகோர் தம்பி

எல்லாருக்கும் நன்றி. பிறை பக்கம் தெரிந்த ஃபோர்மன் (மெக்கானிக்) ஒருவரைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை காலை போனேன்.

86: மிதித்தால் சத்தம் வருகிறது, விட்டால் நிற்கிறது. கியர் எல்லாம் சுத்தமாக விழுகிறது. சேசிஸ் எண்ணைப் போட்டுப் பார்த்தேன், வால்வு ஸ்பிரிங் ரீகால் பாக்கி என்று வருகிறது. ஏலத் தாள் தரம் 4, அதில் குறை இல்லை. இதையெல்லாம் சொன்னதும் டீலர் 70,000-க்கு இறங்கினார். ஆனால் கிளட்ச் செய்து தர மாட்டாராம். "புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை) பாஸ் ஆகும், கவலைப்படாதே" என்கிறார்.

ஸ்விஃப்ட்டும் பார்த்தேன். சர்வீஸ் புத்தகம் முழுசாக இருக்கிறது. ஓட்டவும் ஜாலி. ஆனால் 86-இல் உட்கார்ந்து எழுந்த பிறகு... சொல்லத் தெரியவில்லை. நண்பர்கள் வேறு ஸ்விஃப்ட் எல்லாம் ஸ்போர்ட்ஸ் காடியா என்று சிரிக்கிறார்கள்.

செந்தூல் பட்டறை

புஸ்பாகோம் பி5 சோதனை பெயர் மாற்றத்துக்கு. சேசிஸ் எண், எஞ்சின் எண், வெட்டி ஒட்டிய வண்டியா, கண்ணாடி எவ்வளவு கறுப்பு, இதையெல்லாம் பார்ப்பார்கள். உங்கள் கிளட்ச் எத்தனை நாள் வரும் என்பது அவர்கள் வேலையே இல்லை. 'பாஸ்' என்ற சொல்லை வைத்து காடி விற்கிறவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

70,000 கொடுத்தால் உங்கள் பட்ஜெட் அங்கேயே முடிந்தது. காப்புறுதி, கிளட்ச், நாலு டயர், எல்லாம் அதற்கு மேலே. ஸ்பிரிங் வேலைக்கு முதலில் டொயோட்டா சர்வீஸ் சென்டரில் அந்த சேசிஸ் எண்ணைக் கொடுத்து, ரீகோன் வண்டிக்குச் செய்து தருவார்களா என்று கேளுங்கள். செய்வார்கள் என்று எழுத்தில் வந்து, டீலர் 63, 64-க்கு இறங்கினால் யோசிக்கலாம். இல்லையென்றால் இந்த 86 வேண்டாம். 86 மாடலே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2014-க்குப் பிறகு செய்ததைத் தேடுங்கள், விலை கூடத்தான் இருக்கும், இன்னும் ஓர் ஆண்டு சேருங்கள்.

ஐந்தாம் கியர்

ஒரு டன்னைச் சுற்றி எடை, 136 குதிரைத்திறன், ஆறு கியர். தெலுக் பஹாங் ஏற்றத்தில் ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டை மூன்றாவதில் இழுத்துப் பார்த்தவன் சிரிக்க மாட்டான். அந்தச் சாலையில் 200 குதிரைத்திறனை எங்கே கொண்டுபோய்ச் செலவு பண்ணுவீர்கள்? சிரிக்கிற நண்பர்கள் மாதத் தவணையில் பங்கு போடுவார்களா என்று கேளுங்கள்.

கெப்போங் அக்கா

ஸ்விஃப்ட் எடுத்தால் 30,000 கையிருப்பில் பாதியைப் போட்டாலே லோன் சின்னதாகிவிடும். மூன்று ஆண்டு ஓட்டி என்சிடி 38.33 ஆன பிறகு 86-க்கு மாறினால் அந்தக் கழிவையும் கூடவே கொண்டுபோகலாம். இப்போது எடுப்பதற்கும் அப்போது எடுப்பதற்கும் கட்டணத்தில் நல்ல வித்தியாசம் தெரியும்.

குளுகோர் தம்பி

அக்கா சொன்ன என்சிடி கணக்கை நான் யோசிக்கவே இல்லை. சரி, 86-க்கு சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுகிறேன், எழுத்தில் தரவில்லை என்றால் ஸ்விஃப்ட். அதில் வேறு என்ன பார்க்கணும்?

செந்தூல் பட்டறை

காலையில் குளிர்ந்த எஞ்சினோடு ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்குப் போங்கள், உறுமினால் சின்க்ரோ (கியர் மாறும்போது வேகத்தை ஒத்துவைக்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது. டைமிங் செயின்தான், பெல்ட் இல்லை, அந்தச் செலவு கிடையாது. ஸ்பேர் டயர் குழியில் சேறு, சீட் தண்டவாளத்தில் துரு, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் கறை, இந்த மூன்றையும் பாருங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் பக்கம் மூழ்கிய காடிகள் எந்த ஊருக்கும் போயிருக்கலாம். எக்சோஸ்ட் போல்ட் மட்டும் புதுசாக மின்னினால் முன்பு சத்தக் குழாய் போட்டு ஓட்டியிருக்கிறார்கள், நேராகக் கேளுங்கள்.

டெப்போசிட் கொடுத்தால் ரசீதில் பிளேட் நம்பர், சேசிஸ் எண், 'லோன் கிடைக்காவிட்டாலும் பி5 சோதனையில் தவறினாலும் முழுத் தொகை திருப்பித் தரப்படும்' என்ற வரி, ஓனர் கையெழுத்து. ஐசி (அடையாள அட்டை) பெயரும் கிரான் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். சமன் (போக்குவரத்து அபராதம்) பாக்கி இருந்தால் அவரே கட்டட்டும், இல்லாவிட்டால் பெயர் மாற்றும்போது மாட்டிக்கொள்ளும்.