‘ஓரிரு இடங்களில் இடி மழை’: இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வெயில்வாசி (சென்னை):
இந்த வார வானிலை அறிக்கை பார்த்தீர்களா? உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் லேசான மழை, மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று, வெப்பநிலை இரண்டு நாள் 2 முதல் 3 டிகிரி ஏறும், அப்புறம் கொஞ்சம் இறங்கும். மே மாதம் எந்த வருடத்து அறிக்கையை எடுத்தாலும் இதுதான், தேதி மட்டும் வேறு. பெய்தாலும் சொன்னோம், பெய்யாவிட்டாலும் ஓரிரு இடம்தானே என்றோம். இதற்கு ரேடார் எதற்கு?

மழைப்பைத்தியம்:
ஓரிரு இடம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது நண்பரே. அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்வாசி வரை பெய்யலாம் என்று அர்த்தம். அதைத் தாண்டினால் ஒருசில, பாதியைத் தாண்டினால் அநேக, முக்காலைத் தாண்டினால் பெரும்பாலான. எந்த ஊர் என்று ஏன் சொல்வதில்லை என்றால், கோடை இடிமேகம் மதியம் இரண்டு மணிக்குப் பிறந்து நாலு மணிக்குள் செத்துப்போகிற சாதி. வங்கக்கடல் ஈரக்காற்றும் மலை தாண்டி வரும் மேற்குக் காற்றும் உள்ளே எங்கே மோதும் என்பது முதல் நாளே தெரியும். அந்தக் கோட்டில் எந்தத் தாலுகாவில் மேகம் கிளம்பும் என்பது தரை காய்ந்த பிறகுதான் தெரியும். அதற்குத்தான் ரேடாரைப் பார்த்து அடுத்த மூன்று மணி நேரத்துக்கு என்று தனியாக எச்சரிக்கை விடுகிறார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு திட்டுவது சரியில்லை.

வாழைத்தோப்பு (கோபி):
மூன்று மணி நேரத்தில் நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க. ஆட்டைப் பட்டியில் அடைக்கலாம், மோட்டாரை நிறுத்தலாம், அவ்வளவுதான். தார் விட்ட நேந்திரன் வாழைக்கு முட்டுக் கொடுக்க ஆள் கிடைக்கவே இரண்டு நாள் ஆகும். எனக்கு மழையே பிரச்சினை இல்லை, காற்றுதான். லேசான மழை என்று படித்துவிட்டு நிம்மதியாக இருந்தால், மழை ஒரு சொட்டு கூட விழாமல் பத்து நிமிடக் காற்று தோப்பையே படுக்க வைத்துவிடும். அதனால் வெயில்வாசி கேலி செய்கிற அந்த வார அறிக்கைதான் எனக்கு வேண்டும். காற்று என்று இருந்தால் கம்பு வாங்கிவிடுவேன், முற்றிய தாரை வெட்டிவிடுவேன். வராவிட்டால் கம்பு எங்கும் போகாது.

மழைப்பைத்தியம்:
@வாழைத்தோப்பு மழை இல்லாமல் காற்று மட்டும் வருவதற்குக் காரணம் உண்டு. மேகத்திலிருந்து விழும் மழை கீழே இருக்கிற காய்ந்த காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். அதில் அந்தக் காற்று குளிர்ந்து கனத்து, தொப்பென்று தரையில் விழுந்து நாலாபக்கமும் பாயும். மேகம் பக்கத்து ஊரில் நிற்கும், அடி உங்கள் ஊருக்கு. அரை மணி நேரத்தில் பத்து டிகிரி இறங்குவதும் இதனால்தான். மறுநாள் ஈரத்தோடு வெயில் சேர்ந்து புழுங்குவது தனிக் கொடுமை.

உப்பளத்தான் (வேதாரண்யம்):
வாழைக்காரருக்குக் கம்பு மிச்சம். எங்களுக்கு அப்படி இல்லை. பாத்தியில் உப்பு விளைந்துகொண்டிருக்கும்போது மழை என்று பயந்து வாரினால் பொடி உப்புதான் கிடைக்கும், கூலியும் போச்சு. வாராமல் விட்டு மழை அடித்தால் பாத்தி கரைந்து மறுபடி தண்ணீர் ஏற்றி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஏப்ரல், மே இரண்டும்தான் எங்களுக்கு உச்ச சீசன், அந்த இரண்டு மாதமும் தினம் ஓரிரு இடங்களில் என்றே படித்தால் ஒருவன் எத்தனை தடவை வாருவான்? கடைசியில் யாரும் பார்ப்பதே இல்லை.

வெயில்வாசி:
அதைத்தான் நானும் சொல்கிறேன்! வாரத்தை விடுங்கள், மொத்தக் கோடைக்குமான கணிப்பு? 2025-இல் வெப்ப அலை நாட்கள் வழக்கத்தைவிடக் கூடும் என்றார்கள். மே 24-ஆம் தேதியே கேரளத்தில் பருவமழை வந்து இறங்கியது, 1901-க்குப் பிறகு நாட்டில் அதிக மழை பெய்த மே மாதமாக அது முடிந்தது.

மழைப்பைத்தியம்:
2024-ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்? அந்த வருடம் வெயில் கூடும் என்றார்கள், மே முதல் வாரம் வரை ஈரோடும் கரூர் பரமத்தியும் வெந்தன. அதே மாதம் 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் இறந்தான். பருவக் கணிப்பு மாதக்கணக்கில் சராசரி பேசும், அதில் ஒரு நாளைத் தேடக் கூடாது. உங்கள் சென்னையிலேயே பாருங்கள், கடற்காற்று மதியத்துக்கு முன் உள்ளே வந்தால் 37, மேற்குக் காற்று அதை மூன்று மணி வரை தடுத்தால் 41. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி அடித்தது. சில மணி நேரத் தாமதத்தில் நாலு டிகிரி மாறுகிற ஊருக்கு மார்ச்சிலேயே துல்லியம் கேட்டால் எப்படி?

வெயில்வாசி:
துல்லியம் கேட்கவில்லை சார், பேச்சை மாற்றாதீர்கள். வால்பாறையும் சூலூரும் ஒரே மாவட்டம். மலையில் கொட்டும், சமவெளியில் காயும், எச்சரிக்கை வரைபடத்தில் மொத்த கோவைக்கும் ஒரே மஞ்சள் நிறம். மக்கள் அலட்சியமாக இருக்கிறார்கள் என்று புலம்புவதற்கு முன்னால் அந்த மஞ்சளை உடைத்துக் காட்டுங்கள். இத்தனை சதவீதம் வாய்ப்பு என்று போடுவதில் என்ன கஷ்டம்?

வாழைத்தோப்பு:
இது சரியான பேச்சு. ஈரோடு மாவட்டம் என்றால் தாளவாடியும் உண்டு, கொடுமுடியும் உண்டு. தாளவாடி மழையை நம்பிக் கொடுமுடிக்காரர் எள்ளை அள்ளி உள்ளே வைக்க முடியுமா?

மழைப்பைத்தியம்:
தாலுகாவாரியாகச் சொல்ல அத்தனை மழைமானியும் ரேடாரும் வேண்டும், அது வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. சதவீதம்தான் எனக்குச் சந்தேகம். 30 என்று போட்டால் நம் ஆட்கள் பெய்யாது என்று எடுத்துக்கொள்வார்கள், பெய்ததும் பொய் சொன்னார்கள் என்பார்கள்.

உப்பளத்தான்:
நீங்களே முடிவு கட்டாதீர்கள் தம்பி. 30 என்றால் பாத்தியைத் தொட மாட்டேன், 60 என்றால் விடியற்காலையில் ஆளைக் கூப்பிடுவேன். பெய்துவிட்டால் நஷ்டம் எனக்கு, கணக்கும் எனக்குத் தெரியும். எண்ணை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள்.