கச்சான் தோட்டத்தில் அலாரம்: ஓ.டி.யிடம் போய்வந்த கதை

பரந்தன் அக்கா:
2009 சண்டையில் முதுகில் ஏறின செல் (எறிகணை) துண்டுகளில் இரண்டு இன்னும் உள்ளேதான். எடுத்தால் நரம்புக்கு ஆபத்தாம். வானம் இருட்டினாலே உளையத் தொடங்கிவிடும். பனடோல் போட்டுப் போட்டு அலுத்துப்போன நேரத்தில் கிளினிக்கில் தொழில்வழிச் சிகிச்சைக்கு, அதுதான் ஓ.டி. என்கிறது, எழுதித் தந்தார்கள். பெயரைக் கேட்டதும், வாழ்வாதாரத்துக்குத் தையல் மெஷினோ கோழிக்குஞ்சோ தரப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அங்கிருந்த ஓ.டி. பிள்ளை முதலில் கேட்டது, "அம்மா, போன கிழமை ஒவ்வொரு நாளும் என்னென்ன செய்தனீங்கள்?" சொல்லச் சொல்ல எழுதிவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினாள். வலி குறைந்த நாளில் கச்சான் பிடுங்கி, உடுப்புத் தோய்த்து, தேங்காயும் திருவியிருக்கிறேன். அடுத்த இரண்டு நாளும் பாயில். பிறகு திரும்பவும் அதே கூத்து. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

நல்ல நாளில் குறைத்துச் செய்யுங்கள், ஏலாத நாளிலும் கொஞ்சம் அசையுங்கள், வலி வருமுன்னமே நிறுத்துங்கள் என்றாள். இப்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை போனில் அலாரம். அடித்ததும் பூவரசு நிழலில் போய் இருப்பேன். பக்கத்துக் காணி மனிசிக்கு அது பெரிய பகிடி. குந்தியிருந்து தேங்காய் திருவுவதை விட்டு, மேசையில் பூட்டிச் சுற்றுகிற திருவலை வாங்கினோம். வாளியில் அரைவாசித் தண்ணீர்தான் தூக்குவது. வலி போகாது என்று அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள், போகவும் இல்லை. ஆனால் இந்த முறை கச்சான் பிடுங்க 9 நாள் எடுத்தேன், ஒரு நாள்கூடப் படுக்கவில்லை.

மாங்குளத்தான்:
அக்கா, எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஆனால் இல்லாத அந்தக் காலின் பெருவிரல்தான் இரவில் குத்தும். சொன்னால் யார் நம்புவார்? ஓ.டி. ஒருவர்தான் நம்பினார். இரண்டு காலுக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலை ஆட்டிக்கொண்டு அதன் விம்பத்தையே பார்க்கச் சொன்னார். போன கால் திரும்ப வந்து அசைவதுபோல் மூளைக்குத் தெரியுமாம். 1990களில் இந்த வழியைக் கொண்டுவந்தவர் தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன். எல்லாருக்கும் பலிக்காது. எனக்குக் குத்து நிற்கவில்லை, ஆனால் நித்திரை கூடியிருக்கிறது. முதல் நாள் மனிசி எட்டிப் பார்த்துவிட்டு, "காலுக்குப் பவுடரும் போடப் போறியளோ?" என்றாள்.

பரந்தன் அக்கா:
தம்பி, கண்ணாடி என்ன நீளம்? எங்கள் மருமகனுக்கும் இதே கரைச்சல்.

மாங்குளத்தான்:
நல்ல கால் முழங்காலில் இருந்து பாதம் வரை தெரிந்தால் போதும் அக்கா. எங்கடையது பழைய அலுமாரிக் கதவில் கழற்றினது. விளிம்புக்கு டேப் சுற்றுங்கோ, வெட்டும்.