மண்ணு செத்துப்போனதுக்குக் காரணம் யூரியாவா, ரோட்டாவேட்டரா?

அணைக்கட்டு கொல்லைக்காரன்:
எங்க செம்மண் கொல்லையில அப்பா காலத்துல ஏரி வண்டலும் குப்பை எருவும் அடிப்பாங்க. இப்போ மல்லாட்டைக்கு (வேர்க்கடலைக்கு) மணிச்சத்து உரமான டிஏபியும், தழைச்சத்து உரமான யூரியாவும் மட்டும்தான். மழை பெஞ்சு காஞ்சா மேல்மண்ணு ஓடு மாதிரி இறுகிடுது. மூட்டை உரம்தான் நுண்ணுயிரைக் கொன்னுச்சு. அதை நிறுத்துனாதான் மண்ணு பொழைக்கும்.

காட்பாடி வேளாண் மாணவி:
அண்ணா, வெறுமனே நிறுத்துனா பொழைக்காது. நீண்டகால வயல் சோதனைகள்ல பெரும்பாலும், எதுவுமே போடாத பாத்தியைவிட ரசாயன உரம் போட்ட பாத்தியிலதான் நுண்ணுயிர் கூடுதலா இருக்கு. பயிர் செழிச்சா வேரும் தழையும் அதிகமா மண்ணுக்குப் போகுது, அதுதான் அதுங்களுக்குத் தீனி. உரத்தோட தொழுவுரமும் சேர்ந்தா இன்னும் அதிகம். அமோனியா உரத்தையே வருஷக்கணக்கா கொட்டி மண்ணு புளிச்சு அமிலமாப் போன இடத்துலதான் நீங்க சொல்ற சேதம் நடக்குது. உங்க கொல்லையில நின்னுபோனது எரு. பழியை மட்டும் யூரியா சுமக்குது.

கே.வி.குப்பம் கரும்பு:
ரெண்டு பேரும் முக்கியமானதை விட்டுட்டீங்க. கரும்பு வெட்டுனதும் சோகையை, அதான் காஞ்ச தோகையைக் கொளுத்துறோம், அத்தனை தீனியும் புகையாப் போயிடுது. அப்புறம் டிராக்டர்ல மாட்டி மண்ணைப் பொடியாக்குற ரோட்டாவேட்டர். வேர்ப்பூஞ்சை நூலாப் படர்ந்து மணிச்சத்தை (பாஸ்பரஸை) தேடிக் கொண்டாந்து வேருக்குக் குடுக்குது. ஒவ்வொரு போகமும் அந்த நூலைப் பொடிப்பொடியா நறுக்குறோம்.

அணைக்கட்டு கொல்லைக்காரன்:
நூலை நறுக்குறது ரோட்டாவேட்டர், சரி. டிஏபி அதிகமானா அந்தப் பூஞ்சை வேர்லயே ஒட்டாதே? யூரியா விழுந்தா, காத்துல இருந்து தழைச்சத்து (நைட்ரஜன்) பிடிக்கிற பாக்டீரியா குடியிருக்குற வேர்முடிச்சும் குறையுதே? இதுக்கு என்ன சொல்றேம்மா?

காட்பாடி வேளாண் மாணவி:
ரெண்டும் உண்மை. சத்து சும்மா கிடைச்சா செடி தன் சர்க்கரையை அந்தப் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அவ்வளவாக் குடுக்காது. அதனாலதான் மண் பரிசோதனை பார்த்து அளவோட போடச் சொல்றேன். இன்னொண்ணு: பூஞ்சாணக்கொல்லியையும், வேர்முடிச்சு உண்டாக்குற பாக்டீரியாவான ரைசோபியத்தையும் ஒண்ணா விதையில கலக்குறாங்க, அந்த நுண்ணுயிர்ல நிறைய விதைப்புக்கு முன்னாடியே செத்துடலாம். மருந்து கலந்து ஒரு நாள் கழிச்சு ரைசோபியம் கலக்கணும்.

அணைக்கட்டு கொல்லைக்காரன்:
நான் இன்னும் ஒத்துக்கல. வர்ற பட்டத்துல பாதிக் கொல்லைக்கு எரு மட்டும், மீதிக்கு நீ சொல்ற அளவுல மூட்டையும் எருவும். முடிச்சைப் பார்த்துப் பேசலாம்.

காட்பாடி வேளாண் மாணவி:
பூ எடுக்குற சமயத்துல பாருங்கண்ணா. செடியைப் பிடுங்காதீங்க, முடிச்சு மண்ணுலயே அறுந்து நின்னுடும். மண்வெட்டியால மண்ணோட பெயர்த்துத் தண்ணியில அலசுங்க. முடிச்சைக் கிள்ளினா உள்ள சிவப்பா இருக்கணும். வெளிறியோ பச்சையாவோ இருந்தா அது தழைச்சத்து பிடிக்கல. எண்ணும்போது சிவப்பைத் தனியா எண்ணுங்க.