மூன்று மாத்திரைக்கும் இறங்காத பிபி, பொட்டாசியம் 3.1: ஆல்டோஸ்டிரோன் சோதனைக்கு முன் எதை நிறுத்துவது?

கேள்வி:
வயது 42. டெல்மிசார்டான், ஆம்லோடிபின், குளோர்தலிடோன் மூன்றும் எடுத்தும் பிபி 160/100. சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி, உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனை மிகையாகச் சுரக்கும் நோயா என்று அறிய, ஆல்டோஸ்டிரோன்-ரெனின் விகிதம் (ரெனின் என்பது அந்தச் சுரப்பைத் தூண்டும் சிறுநீரகப் பொருள்) பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரைகளை நிறுத்த வேண்டுமா? எக்கோவும் (இதய ஸ்கேன்) தூக்கச் சோதனையும் எதற்கு?

பதில் 1:
நீங்களாக எதையும் நிறுத்தாதீங்க. முதலில் பொட்டாசியத்தை 4-க்குக் கொண்டுவர வேண்டும். அது குறைவாக இருந்தால் ஆல்டோஸ்டிரோன் சுரப்பும் அடங்கி, நோய் இருந்தும் இல்லாத மாதிரி ரிசல்ட் வரலாம். இந்த நோயில் ஆல்டோஸ்டிரோன் ஏறி, ரெனின் இறங்கியிருக்கும். டெல்மிசார்டானும் குளோர்தலிடோனும் ரெனினை ஏற்றுபவை. அவற்றைச் சாப்பிடும்போதே ரெனின் அடிமட்டத்தில் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அதனால் முதல் சோதனையை மாத்திரையோடு பார்ப்பதும் உண்டு. பீட்டா பிளாக்கர் வகை பிபி மாத்திரை ரெனினை இறக்கி, இல்லாத நோயைக் காட்டிவிடும். ஆல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் என்றால் சோதனைக்கு முன் வழக்கமாக 4 வாரம் நிறுத்துவார்கள், அதுவும் டாக்டர் சொன்னால்தான்.

இருமலுக்கு அதிமதுரம் சாப்பிடுகிற பழக்கம் உண்டா? கட்டாயம் சொல்லுங்க. அளவு மீறினால் அதுவே பிபியை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும். ஆனால் அப்போது ரெனின், ஆல்டோஸ்டிரோன் இரண்டுமே குறைந்திருக்கும்.

பதில் 2:
ரத்தம் எடுப்பதில்தான் நிறைய கோட்டை விடுகிறார்கள். காலையில் எழுந்து 2 மணி நேரமாவது நடமாடி, பிறகு 5 முதல் 15 நிமிடம் உட்கார்ந்தபின் கொடுக்கணும். கையை மூடி மூடித் திறக்கக் கூடாது, பொட்டாசியம் பொய்யாக ஏறும். ரெனின் குழாயை ஐஸில் வைக்க விடாதீங்க. குளிரில் புரோரெனின் (ரெனினின் செயலற்ற வடிவம்) ரெனினாக மாறிவிடும். சோதனை முடியும்வரை உப்பைப் புதிதாகக் குறைக்கவும் வேண்டாம்.

பதில் 3:
எக்கோ ஏன் என்றால், ஆல்டோஸ்டிரோன் பிபியை ஏற்றுவதோடு நிற்காது. இதயத் தசையில் நேரடியாக நார்த்திசுவை வளர்க்கும். இந்த நோய் இல்லாமல் அதே அளவு பிபி உள்ளவரைவிட, இந்த நோய் உள்ளவர்களுக்கு இதயத்தின் இடது கீழறை அதிகம் தடிக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஒழுங்கற்ற இதயத் துடிப்பு), பக்கவாதம் இரண்டுக்கும் ஆபத்து கூடுதல். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவதும் இவர்களிடம் அதிகம், அதற்குத்தான் தூக்கச் சோதனை. சிறுநீரில் அல்புமினும், சுகர் அளவும் பார்த்துவிடுங்க.

நோய் உறுதியானால் சிடி ஸ்கேனில் அட்ரீனலில் தெரியும் கட்டியை மட்டும் நம்பி ஆபரேஷனுக்குப் போகாதீங்க. ஒன்றும் சுரக்காத கட்டியாகவும் இருக்கலாம். இரண்டு அட்ரீனல் சிரைகளிலிருந்தும் ரத்தம் எடுத்து ஒப்பிட வேண்டும். வலது சிரை குட்டையானது, கிடைப்பது சிரமம். அனுபவமுள்ள மையத்தில் செய்யுங்க. ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தச் சுரப்பியை லேப்ராஸ்கோப்பியில் எடுக்கலாம். இரு பக்கமும் என்றால் ஸ்பைரனோலாக்டோன் 12.5 அல்லது 25 மி.கி.யில் தொடங்குவார்கள். ஆண்களுக்கு மார்பு வீங்கி வலித்தால் அதே வேலை செய்யும் எப்லெரினோனுக்கு மாற்றலாம்.